கண்ணெழுத்து: செமித்திய 'ஐன்' பிறந்து வளர்ந்த வரலாறு

எண்ணையும் எழுத்தையும் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது தமிழர் மரபு. பூம்புகாரில் பண்டப் பொதிகளின்மேல் இட்ட எழுத்தைச் சிலப்பதிகாரம் 'கண்ணெழுத்து' என்னும் சொல்லால் குறிக்கும். தமிழில் எழுத்தைக் கண் என்பது உவமை. மேற்காசியாவின் பழைய நெடுங்கணக்கு ஒன்றிலோ, கண்ணையே வடிவமாகவும் 'கண்' என்பதையே பெயராகவும் கொண்ட எழுத்து ஒன்று உண்மையாகவே உண்டு. அதற்கு எழுபது என்னும் எண் மதிப்பும் உண்டு. அரபியர் அதனை 'ஐன்' என்பர். எபிரேயர் 'ஆயின்' என்பர்.

அரபு, எபிரேயம், அரமேயம், பினீசியம், அக்காதியம், எத்தியோப்பியாவின் கீயஸ் முதலிய மொழிகளைச் செமித்தியக் குடும்பம் என்று மொழிநூலார் வழங்குவர். அவற்றுள் பினீசியரின் நெடுங்கணக்கு 22 எழுத்துகளைக் கொண்டது. அவை அனைத்தும் மெய்யெழுத்துகளே. உயிருக்கு அதில் தனி வரிவடிவம் இல்லை. அந்த வரிசையில் பதினாறாவதாக நிற்பது ஐன். பிறமொழியாளர் நாவுக்கு மிகவும் அரிதான எழுத்து இதுவே. ஆயினும் உலகில் மிகப் பரவலாக எழுதப்படும் எழுத்து ஒன்றுக்கு இதுவே தாய். இந்த முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்தால், ஒலிவடிவு வேறு, வரிவடிவு வேறு என்னும் இலக்கண உண்மை தெளிவாக விளங்கும்.

ஒலி பிறக்கும் இடம்

ஐன் மிடற்றில் பிறக்கும் மெய். நாவின் அடி பின்னோக்கிச் சென்று மிடற்றின் பின்சுவரை நெருங்கும். ஆனால் வழி முற்றும் அடைபடாது. குரல் அதிர்ந்துகொண்டிருக்கவே, காற்று அந்நெருக்கத்தின் ஊடே வெளிப்படும். 'அ' என்று நீட்டி ஒலித்துக்கொண்டே அடித்தொண்டையை இறுக்கினால், இதற்கு அணுக்கமானதோர் ஒலி தோன்றும். தமிழில் இதற்கு இணையான எழுத்து இல்லை. ககரம் நாவின் அடி அண்ணத்தைத் தொடுவதால் பிறப்பது. ஐனோ அதற்கும் கீழே, மிடற்றின் நடுவில் பிறப்பது.

கி.பி. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு இலக்கண ஆசிரியர் சீபவைஹி, மிடற்றை மூன்று நிலைகளாகப் பகுத்தார். ஹம்சாவும் ஹாவும் மிடற்றின் அடியில் பிறப்பவை. ஐனும் அழுத்தமான மற்றொரு ஹாவும் நடுவில் பிறப்பவை. கைனும் காவும் வாயை அடுத்த மேற்பகுதியில் பிறப்பவை. இந்தப் பகுப்பு இன்றைய ஒலியியலாருக்கும் பெரும்பாலும் உடன்பாடானதே.

சீபவைஹியின் ஆசிரியர் பஸ்ரா நகரத்து அல்-கலீல் இப்னு அகமது. அரபு மொழியின் முதல் பேரகராதி இவர் பெயரோடு இணைந்தது. அதன் பெயரே 'கிதாபுல் ஐன்', அதாவது ஐன் எழுத்தின் நூல். வழக்கிலிருந்த அலிபு, பே என்னும் வரிசையை விட்டு, மிடற்றில் தொடங்கி இதழை நோக்கி வரும் ஒலிப்பிறப்பு முறையில் அவர் சொற்களை அடுக்கினார். மிடற்றின் அடியில் பிறக்கும் ஹம்சா நிலையின்றித் திரிவது என்பதால் அதனை விலக்கி, ஐனை முதலில் வைத்தார். தமிழ் வல்லெழுத்துகளும் நாவின் அடியில் பிறக்கும் ககரத்தில் தொடங்கி, இதழ் இயைந்து பிறக்கும் பகரத்தை நோக்கி வருவதைத் தமிழாசிரியர் அறிவர். எழுத்துகளைப் பிறப்பிட முறையால் நிரல்படுத்தும் கருத்து இருவேறு நிலங்களில் இலங்கியது வியப்புக்குரியது.

இங்கே மற்றொன்றும் கருதத் தக்கது. உயிரெழுத்துகள் மிடற்றில் எழும் வளியால் இசைப்பவை என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கொள்கை. நன்னூலும் உயிருக்கு இடம் மிடறு என்றே கூறும். மிடற்றில் பிறக்கும் மெய்யும் மிடற்றில் பிறக்கும் உயிரும் அண்டை வீட்டார் போல்வன. ஐனை ஒலிக்கத் தெரியாதவன் அதன் நெருக்கத்தை விட்டுவிட்டால் எஞ்சுவது உயிரே. இவ்வெழுத்தின் வரலாற்றைத் திறக்கும் திறவுகோல் இதுதான்.

சுரங்கப் பாறையில் ஒரு கண்

எகிப்துக்கும் பாலத்தீனத்துக்கும் இடைப்பட்ட சீனாய்த் தீபகற்பத்தில் செராபித்-அல்-காதிம் என்னும் மலையிடம் உள்ளது. பண்டை எகிப்தியர் அங்கே நீலப்பச்சை மணிக்கல்லை வெட்டி எடுத்தனர். அத்தோர் என்னும் பெண் தெய்வத்துக்குக் கோயிலும் எழுப்பினர். சுரங்கங்களில் செமித்திய மொழி பேசிய மக்களும் இருந்தனர். 1905இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆங்கிலத் தொல்பொருள் ஆய்வாளர் அங்கே அகழ்ந்தபோது, எகிப்திய ஓவிய எழுத்தைப் போன்றும் அதனின் வேறாகவும் தோன்றிய கல்வெட்டுகளைக் கண்டார். குறிகளின் வகை மிகச் சிலவே ஆதலின், இது சொல்லுக்கொரு குறி கொண்ட எழுத்தன்று, ஒலிக்கொரு குறி கொண்ட எழுத்தே என்று அவர் கருதினார். ஆயினும் படிக்க இயலவில்லை.

1916இல் ஆலன் கார்டினர் அதற்கு வழி கண்டார். ஒரே வரிசையில் நான்கு குறிகள் திரும்பத் திரும்ப வந்தன: ஒரு வீடு, ஒரு கண், வளைந்த தாற்றுக்கோல், ஒரு சிலுவைக் குறி. செமித்திய மொழிகளில் வீடு 'பேத்', கண் 'ஐன்', தாற்றுக்கோல் 'லாமெத்', அடையாளக் குறி 'தாவ்'. ஒவ்வொரு பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்தால் ப, ஐன், ல, த என்னும் நான்கு மெய்கள் கிடைக்கின்றன. அவை சேர்ந்தால் 'பஅலத்' என்றாகும். 'தலைவி' என்பது அதன் பொருள். அத்தோர் தெய்வத்தைச் செமித்தியர் தம் மொழியில் 'தலைவி' என்று அழைத்தனர் என்பது புலப்பட்டது. மணற்கல்லால் ஆன சிறிய உருவம் ஒன்று இதற்குத் துணைநின்றது. மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட அவ்வுருவத்தில் எகிப்திய எழுத்தில் அத்தோரின் பெயரும், புதிய எழுத்தில் 'பஅலத்' என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. அது இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இக்கல்வெட்டுகள் கி.மு. 1900க்கும் 1500க்கும் இடைப்பட்டவை என்பர். 1990களில் நைல் ஆற்றின் மேற்கே வாதி-அல்-ஹோல் என்னுமிடத்திலும் இவ்வகை எழுத்து காணப்பட்டது. எகிப்தியர் கண் வடிவத்தை எழுதினர். ஆனால் அவர்கள் மொழியில் கண்ணுக்குப் பெயர் வேறு. வடிவத்தை எகிப்திலிருந்தும், பெயரையும் ஒலியையும் தம் வாயிலிருந்தும் எடுத்துக் கூட்டியவர் செமித்தியரே. பொருளைக் காட்டிய ஓவியம் ஒலியைக் காட்டும் எழுத்தாக மாறியது அக்கணத்தில்தான்.

'ஐன்' என்னும் சொல் அரபில் கண்ணையும் நீரூற்றையும் ஒருங்கே குறிக்கும், எபிரேயத்திலும் அவ்வாறே. சாக்கடலின் கரையிலுள்ள என்கேதி என்னும் ஊர்ப்பெயரின் முதற்பகுதி இந்த ஊற்றுதான். தமிழிலும் நீர் சுரக்கும் வாயை 'ஊற்றுக்கண்' என்கிறோம். தொடர்பில்லாத மொழிகளிலும் மனித உள்ளம் ஒத்து நினைப்பதற்கு இஃது ஒரு சான்று.

வட்டமும் வாலும்

பாறையில் இமையும் விழியுமாய் இருந்த கண், எழுதுவோர் கை விரைவில் சுருங்கியது. விழி மறைந்து வெறும் வட்டம் நின்றது. கி.மு. 1000 அளவில் பினீசியர் எழுதிய ஐன் முழு வட்டமே. தென்னரபியக் கல்வெட்டுகளிலும் அது வட்டம். எத்தியோப்பிய எழுத்தில் இன்றுவரை வட்டம். சிரியாவின் உகாரித் நகரத்தார் களிமண்ணில் ஆப்புவடிவில் எழுதியதால், அங்கு மட்டும் கண் ஒரே ஓர் ஆப்புக் குறியாயிற்று.

அரமேயர் கையில் வட்டத்தின் உச்சி திறந்துகொண்டது. பின்னர் கீழே ஒரு வால் வளர்ந்தது. எபிரேய நூல்களில் இன்று காணும் ஆயின் இதன் வழி வந்தது. இரு கொம்புகள் கீழே கூடி ஒரு வாலாய் இறங்கும். அரமேயத்தின் மற்றொரு கிளையான நபத்தேயர் எழுத்தின் வழியே அது அரபுக்குச் சென்றது. அரபு ஐன் தனித்து நிற்கையில் திறந்த வாயும் அதன்கீழ் பெரிய வளைவும் உடையது. சொல்லின் முதலில் வால் இழக்கும். இடையில் சிறு முடிச்சாகும். ஈற்றில் முடிச்சோடு வாலும் பெறும். ஹம்சா என்னும் ஒலிக்குரிய சிறு குறியும் ஐனின் தலைப்பகுதியே. மேலே கூறிய அல்-கலீலே அதனை வகுத்தார் என்பது மரபு.

எழுத்தின் இடத்திலும் சிறு தடுமாற்றம் உண்டு. ஆயினுக்குப் பின் 'பே' வருவது இன்றைய முறை. விவிலியத்தின் புலம்பல் நூலில் முதல் அதிகாரம் இம்முறையில் அகரவரிசையாய் அமைய, இரண்டு, மூன்று, நான்காம் அதிகாரங்களில் 'பே' முன்னும் ஆயின் பின்னும் நிற்கின்றன. 1976இல் இஸ்பெத் சர்தா என்னுமிடத்தில் கிடைத்த மிகப் பழைய ஓட்டுச் சில்லிலும் இவ்வாறே உள்ளது. எனவே இது பிழையன்று, மற்றொரு பழைய மரபு என்று அறிஞர் கொண்டனர். தமிழ் விவிலியத்தில் 119ஆம் சங்கீதத்தை நோக்குவோர், 121ஆம் வசனத்துக்கு மேல் 'ஆயின்' என்னும் தலைப்பைக் காணலாம். அந்த எட்டு வசனங்களும் எபிரேயத்தில் ஆயினில் தொடங்குபவை.

மெய் உயிரான வரலாறு

கி.மு. ஒன்பது அல்லது எட்டாம் நூற்றாண்டளவில் கிரேக்கர் பினீசியரிடமிருந்து எழுத்தைக் கற்றனர். கிரேக்க மொழியில் மிடற்று மெய்கள் இல்லை. ஆனால் உயிரொலிகள் மிகுதி. உயிருக்குக் குறியில்லாத நெடுங்கணக்கு அவர்களுக்குப் போதவில்லை. எனவே தமக்குப் பயன்படாத மெய்க்குறிகளை அவர்கள் உயிர்க்குறிகளாக்கினர். ஆலெப் 'ஆல்ப்பா' ஆயிற்று. ஐனின் வட்டம் ஒகரம் ஆயிற்று. ஒகரத்தை ஒலிக்கையில் இதழ் குவிந்து வட்டமாவதும் இவ்வடிவத்துக்குப் பொருந்தியது.

ஆல்ப்பா, பேட்டா முதலிய பெயர்களில் செமித்தியப் பெயர் இன்றும் ஒலிக்கிறது. ஐனின் பெயரைக் கிரேக்கர் காக்கவில்லை. 'ஊ' என்றே அழைத்தனர். பின்னாளில்தான் 'சிறிய ஒ' என்னும் பொருளில் 'ஒமிக்ரோன்' எனப் பெயரிட்டனர். வட்டத்தின் அடியைத் திறந்து அயோனியர் ஆக்கிய மற்றோர் எழுத்தே 'பெரிய ஒ' எனப்படும் 'ஒமேகா'. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறு வடிவம் தேடிய முயற்சி அது.

பெயர் மாறியது, ஒலி மாறியது. இரண்டும் ஒரே எழுத்து என்பதற்குச் சான்று என்ன? எண்தான். எபிரேயத்தில் ஆயினுக்கு எண் மதிப்பு 70. அரபில் ஐனுக்கு 70. கிரேக்கத்தில் ஒமிக்ரோனுக்கும் 70. வாயில் வேறுபட்டவை கணக்கில் ஒன்றுபட்டு நிற்கின்றன.

கிரேக்கரிடமிருந்து இத்தாலி நாட்டுக்கும், அங்கிருந்து உலகெங்கும் சென்ற ரோமன் எழுத்தின் 'ஓ' இந்த வட்டமே. ஆங்கிலம் எழுதப் பழகும் குழந்தை சுழித்து எழுதும் வட்டம், சீனாய் மலையின் கண்.

கிரேக்கர் செய்தது ஒரு முறை நேர்ந்த புதுமையன்று. ஐனின் ஒலி எங்கெங்கே தேய்ந்ததோ அங்கெல்லாம் உயிரே எஞ்சியது. பாபிலோனியரின் அக்காதிய மொழியில் மிகப் பழங்காலத்திலேயே ஐன் மறைந்தது. சுமேரியரோடு கலந்து வாழ்ந்ததே காரணம் என்று பலர் கருதுவர். மறைந்த ஐன் தன் அருகிருந்த அகரத்தை ஏகாரமாக்கிவிட்டுச் சென்றது. மேற்கே 'பஅல்' என்று வழங்கிய 'தலைவன்' என்னும் சொல், பாபிலோனில் 'பேல்' ஆயிற்று. அரபின் வழிவந்த மால்டா நாட்டு மொழியில் ஐனுக்குரிய எழுத்து இன்றும் எழுதப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் அதற்கு ஒலியில்லை. அடுத்துள்ள உயிரை நீட்டுவதே அதன் தொழில். ஐரோப்பிய யூதர் பேசிய இத்திஷ் மொழியில் ஆயினை எகரத்துக்கு உரிய எழுத்தாகவே ஆண்டனர். கிரேக்கர் செய்ததையே, அவர்களை நோக்காமல் இவர்களும் செய்தனர்.

இங்கே தமிழெழுத்தைத் தொடும் கருத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். 1895இல் ஜார்ஜ் பியூலர் என்னும் செருமானிய அறிஞர், பிராமி எழுத்து செமித்திய எழுத்தினின்று பிறந்தது என வாதிட்டார். முக்கோண வடிவான பிராமி எகரத்தை அவர் ஐனோடு இணைத்தார். அது மெய்யாயின் தமிழ் எகரமும் இந்தக் கண்ணின் கொடிவழியாகும். ஆயினும் பிராமியின் தோற்றம் குறித்து அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. வடிவ ஒப்புமை ஒன்றை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் தகாது.

ஒலி போனால் போவது என்ன?

செமித்திய மொழிகளில் சொல்லின் வேர் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆனது. உயிர்கள் மாறி மாறி வந்து அவ்வேரைப் பெயராகவும் வினையாகவும் ஆக்கும். எனவே மெய் ஒன்று தேய்ந்தால் வேரே சிதையும். அரபில் ஐனோடு கூறிய 'அமல்' என்பது செயல். ஹம்சாவோடு கூறிய 'அமல்' என்பது நம்பிக்கை. ஐனோடு 'அலீம்' என்றால் நன்கறிந்தவன்; ஹம்சாவோடு 'அலீம்' என்றால் துன்பம் தருவது. 'சஅல' என்பதில் ஐன் நின்றால் இருமினான். ஹம்சா நின்றால் கேட்டான். தமிழில் எழுதும்போது ஒவ்வோர் இணையும் ஒன்றுபோல் தோன்றுவதே அவ்வொலி தமிழில் இல்லை என்பதற்குச் சான்று.

இத்தடுமாற்றம் செமித்தியருக்குள்ளேயே நேர்ந்தது. பாபிலோனியத் தல்மூதில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. கலிலேயர் ஒருவர் 'அமர்' யாரிடம் உண்டு என்று கேட்டார். யூதேயர் அவரை எள்ளினர்: ஏறிச் செல்லக் கழுதை வேண்டுமா, குடிக்கத் திராட்சை மது வேண்டுமா, உடுக்கக் கம்பளி வேண்டுமா, அறுக்க ஆட்டுக்குட்டி வேண்டுமா? கழுதை 'ஹமார்', மது 'ஹமர்', கம்பளி ஐனோடு 'அமர்', ஆட்டுக்குட்டி 'இம்மர்'. மிடற்றொலிகளைப் பிரித்து ஒலியாத அவர் வாயில் நான்கும் ஒன்றாயின. ஹைபா, பெத்சான் முதலிய ஊரார் ஆலெப்பை ஆயினாகவும் ஆயினை ஆலெப்பாகவும் ஒலிப்பதால், அவர்களை வழிபாட்டை நடத்தும்படி முன்னிறுத்தலாகாது என்றும் அதே நூல் விதிக்கிறது. ஓர் எழுத்தின் ஒலி மனிதனின் மதிப்பையே முடிவுசெய்த காலம் அது.

இன்று இசுரேலில் எபிரேயம் பேசுவோருள் பெரும்பாலோர் ஆயினை ஒலிப்பதில்லை. ஏமன் முதலிய நாடுகளிலிருந்து வந்த குடும்பத்தாருள், குறிப்பாக முதியோர், அதனைக் காத்தனர். ஆனால் எழுத்தில் அதற்குரிய மதிப்பு குறையவில்லை. உபாகமம் 6ஆம் அதிகாரத்து 4ஆம் வசனத்தை யூதர் தோற்சுருளில் எழுதுகையில், முதற்சொல்லின் ஈற்றிலுள்ள ஆயினையும் இறுதிச் சொல்லின் ஈற்றிலுள்ள தாலெத்தையும் பெரிதாக எழுதுவர். இரண்டையும் கூட்டினால் 'சாட்சி' என்னும் பொருள் தரும் சொல் ஆகும். அரபில் ஒலியும் எழுத்தும் ஒருங்கே வாழ்கின்றன. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் தனித்தனியே ஓதப்படும் ஐந்து எழுத்துகளுள் ஐனும் ஒன்று. இந்தியத் துணைக்கண்டத்து அச்சுப் பிரதிகளில், 'ருகூஉ' என்னும் பகுதி முடியுமிடத்தைக் காட்ட ஓரத்தில் ஐன் இடப்பட்டிருக்கும். இக்காலத்து இளைஞர் ரோமன் எழுத்தில் அரபுச் செய்தி அனுப்பும்போது, வடிவ ஒப்புமை கருதி ஐனுக்கு 3 என்னும் எண்ணை இடுகின்றனர். எண்ணும் எழுத்தும் மீண்டும் கலந்த விந்தை இது.

ஒரு வடிவம், இரண்டு ஒலி

பழைய செமித்தியத்தில் ஐனுக்கு அண்மையதாய்க் 'கைன்' என்னும் வேறோர் ஒலியும் இருந்தது. உகாரித் எழுத்தில் இரண்டுக்கும் தனிக்குறி உண்டு. அரபில் ஐனின்மேல் ஒரு புள்ளி இட்டுக் கைனைப் பிரித்தனர். எபிரேயமோ பினீசியரின் 22 எழுத்தையே ஆண்டமையால், ஆயின் ஒன்றே இரண்டு ஒலிக்கும் நின்றது. எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் காலத்தில் இவ்வேறுபாடு செவிக்குப் புலனாயிற்று. எனவே தமிழ் விவிலியத்தில் வரும் ஏலி, ஏசா, எஸ்றா, ஆமோஸ் ஆகியோர் பெயர்கள் உயிரில் தொடங்க, காசா, கொமோரா என்னும் ஊர்ப்பெயர்கள் ககரத்தில் தொடங்குகின்றன. எபிரேயத்தில் இவை அனைத்தும் ஆயினில் தொடங்குபவையே. கிரேக்கர் செவியில் விழுந்த ஓர் ஒலிவேறுபாடு, ஈராயிரம் ஆண்டுகள் கடந்து தமிழ் எழுத்தில் நிற்கிறது.

மலாயிலும் தமிழிலும் ஐன்

மலாய் மொழி அரபெழுத்தை ஏற்று, அதனை ஜாவி எனப் பெயரிட்டு ஆண்டது. திரங்கானுவில் கிடைத்த கல்வெட்டு மலாய் ஜாவிக்கு மிகப் பழைய சான்று. அதன் காலம் கி.பி. 1303 என்று பொதுவாகக் கொள்வர். அரபில் இல்லாத மலாய் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 'ங'. ஐனின்மேல் மூன்று புள்ளிகள் இட்டால் ஜாவி 'ங' ஆகும். 'ஓராங்' என்னும் சொல்லின் ஈற்றில் நிற்பது இதுவே. ஆகவே ஜாவியில் புள்ளியற்ற ஐன், ஒரு புள்ளிக் கைன், முப்புள்ளி ங என மூன்றும் ஒரு வடிவின் மக்கள்.

அரபுச் சொற்களில் வந்த ஐனை மலாய் நா தன் இயல்புக்கேற்ப மாற்றியது. அசையின் ஈற்றில் நின்ற ஐன் அடைப்பொலியாகி, ரோமன் எழுத்தில் ககரமாய் எழுதப்பட்டது. அறிவிப்பு என்னும் பொருள்தரும் 'இஅலான்' என்பதே விளம்பரப் பலகைகளில் காணும் 'இக்லான்'. 'ரஅய்யத்' என்பதே மக்களைக் குறிக்கும் 'ரக்யாட்'. பொருள் என்னும் கருத்துடைய 'மஅனா' என்பதே 'மக்னா'. நாளும் வழங்கும் இச்சொற்களின் ககரத்துக்குள் ஐன் ஒளிந்திருக்கிறது.

தமிழிலோ கதை வேறு. ஆட்சித்துறை வழியே தமிழில் புகுந்த அரபுச் சொற்கள் பெரும்பாலும் பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே வந்தவை. அவை ஐனை முன்னரே நெகிழவிட்டிருந்தன. தமிழில் அஃது உயிரின் நீட்சியாயிற்று. 'மஅமூல்' என்பது மாமூல். 'இன்ஆம்' என்பது இனாம். 'தஅல்லுகா' என்பது தாலுகா. இத்தாலுகாவும், கீழ்ப்படுதல் என்னும் பொருளில் மலாயில் வழங்கும் 'தக்லுக்' என்பதும் ஒரே வேரின் கிளைகள். தமிழில் ஆகாரமாய் நீண்ட ஐன், மலாயில் ககரமாய் நின்றது. ரக்யாட் என்பதும், சென்னை மாகாண நிலவரி முறையைக் குறித்த 'ரயத்துவாரி' என்பதன் முற்பகுதியும் அவ்வாறே உடன்பிறந்தவை.

பெயர்களிலும் இதனைக் காணலாம். நபிகளாருக்குப் பின் ஆட்சி செய்த நான்கு கலீபாக்களுள் உமர், உதுமான், அலி ஆகிய மூவர் பெயரும் ஐனில் தொடங்குபவை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரும் அத்தகையதே. தமிழில் இவை உகரமும் அகரமுமாய் நிற்கின்றன. 'யஅகூப்' யாகூப் ஆனதும், அதன் எபிரேய வடிவம் யாக்கோபு ஆனதும் ஒரே நெறிப்பட்டவை. அப்துல்லா என்னும் அரபுப் பெயரும் ஒபதியா என்னும் எபிரேயப் பெயரும் தமிழில் தொடர்பற்றவை போல் தோன்றும். இரண்டின் முதலிலும் ஐன், ப, த என்னும் ஒரே வேர் உண்டு. இரண்டுக்கும் 'இறைவனின் அடியான்' என்பதே பொருள். தமிழ் வடிவில் மறைந்த ஐனை மீட்டு வைத்தால்தான் அவ்வுறவு புலப்படும்.

பிறமொழிச் சொல் தமிழில் வருங்கால் அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுவது தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்த நெறி. அந்நெறிப்படி உமர், அலி என எழுதுதல் முறையே, அதில் குறையில்லை. சொல்லின் பிறப்பைக் காக்க விரும்பியோர் மற்றொரு வழியையும் கண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) முதலிய தமிழ் முசுலிம் அறிஞர் அரபெழுத்தில் தமிழை எழுதி நூல்கள் இயற்றினர். அரபுத் தமிழ் எனப்படும் அம்முறையில், அரபுச் சொல்லின் ஐன் தன் வடிவோடு நிற்கும். 'அரபு' என்னும் சொல்லே ஐனில் தொடங்குவதுதானே!

தமிழாசிரியர் கருத்துக்கு

ஐனின் வரலாறு தமிழாசிரியருக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. வரிவடிவம் நெடுங்காலம் வாழும். ஒலிவடிவம் ஒரு தலைமுறை அசட்டையாய் இருந்தாலும் மறையும். எபிரேயத்தில் ஆயினும் ஆலெப்பும் இன்று பெரும்பாலோர் வாயில் ஒன்று. எதனை எங்கே எழுதுவது என்பதைக் காது சொல்வதில்லை. மாணவன் சொல்லுக்குச் சொல் நினைவில் வைக்க வேண்டியுள்ளது.

தமிழ் வகுப்பிலும் இந்நிலை அயலானதன்று. வாழை என்பது மரம். வாளை என்பது மீன். இரண்டையும் ஒன்றாக ஒலிக்கும் மாணவன் எழுதும்போது தடுமாறினால், அது கையின் பிழையன்று, செவியின் பிழை. கலிலேயரின் 'அமர்' போல, ஒலி ஒன்றானால் பொருளும் ஒன்றோடொன்று மயங்கும். பிழை திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையால் ளகரத்தை அடித்து ழகரம் எழுதுவதோடு நில்லாமல், மாணவனை வாய்விட்டுச் சொல்லச் செய்து, நா வளையும் இடத்தைக் காட்டித் திருத்துதல் வேண்டும்.

கிரேக்கர் ஐனின் ஒலியை இழந்து உயிர் ஒன்றைப் பெற்றனர். அவர்களுக்கு அஃது ஆதாயம். அவர்கள் மொழிக்கு அவ்வொலி உரியதன்று. அவ்வொலிக்கு உரியவர் அதனை இழந்தபோது சொற்களின் வேறுபாட்டையே இழந்தனர். ஓர் எழுத்தைக் கண்ணால் மட்டும் காத்தல் போதாது. நாவாலும் செவியாலும் காத்தல் வேண்டும்.